பாண்டுவுக்கு ரத்தம் வேணும்!

காலையில் ராகு காலம் பார்ப்பதற்காகத் தினசரி காலண்டர் பக்கம் போனேன். காலண்டருக்குப் பின்னாலிருந்து ஒரு மிளகு வெளியே வந்தது. வந்து, நிதானமாகச் சுவரில் மேல் நோக்கி நடக்க ஆரம்பித்தது.

"இங்கே கொஞ்சம் வாயேன், மிளகு நடக்குது!" என்று சமையலறைப் பக்கம் குரல் கொடுத்தேன்.

"மிளகு விக்கிற விலைக்கு நடக்காதுங்க, பறக்கும். கண்ணாடியைப் போட்டுக்கிட்டுப் பாருங்க" என்றாள் என் மனைவி.

போட்டுக்கொண்டு பார்த்தேன். மிளகுக்கு எட்டுக் கால் இருந்தது.

உண்ணி! மாட்டு மேல் பார்த்திருக்கிறேன், நாய் மேல் பார்த்திருக்கிறேன். இப்படி வாடகை கொடுக்கிறவன் மாதிரி வீட்டுச் சுவரில் உலாத்தி அன்றைக்குத்தான் பார்த்தேன். கீழே பாண்டு உட்கார்ந்துகொண்டு, வலது காதைப் பின்னங்காலால் பறபறவென்று சொறிந்துகொண்டிருந்தான்.

பாண்டுவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். 2020 ஊரடங்கின்போது, ஓடாமல் நின்ற எதிர் வீட்டுக் காருக்கு அடியில் பிறந்தவன். தாய் எங்கே போனதென்று தெரியவில்லை. என் பெண் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். தெருவில் எல்லோரும் 'கொரோனா'ன்னு பேர் வையுங்க என்றார்கள். அப்படிப் பேர் வைத்துவிட்டு, ராத்திரி பத்து மணிக்கு வாசலில் நின்று "கொரோனா, வா வா" என்று கூப்பிட எனக்குத் தைரியம் இல்லை. வெள்ளை வெளேரென்று இருந்ததால் நான்தான் பாண்டு என்று வைத்தேன். மகாபாரதத்துப் பாண்டு வெளிறிப் போய்ப் பிறந்தவர். சித்த வைத்தியத்தில் ரத்தசோகைக்கே பாண்டு என்றுதான் பெயர். பெயர் வைக்கும்போது இதெல்லாம் யோசிக்கத் தோன்றுமா, சொல்லுங்கள்!

நான் பார்த்தது 2023 ஜூன் மாதம். அன்றைக்கே போர் தொடங்கிவிட்டேன். பாண்டுவை மடியில் போட்டுக்கொண்டு காதுக்குள், கழுத்துப் பட்டைக்கு அடியில், கால் விரல் இடுக்கில் என்று தேடினால் பதினேழு கிடைத்தது. வெள்ளை நாயிடமே பதினேழு ஒளிந்திருக்க முடியுமென்றால் கறுப்பு நாய் வைத்திருப்பவர்கள் கதி என்ன? ஒவ்வொன்றாகப் பிடுங்கி, பழைய பேப்பரில் போட்டுக் கருங்கல்லால் தேய்த்தேன். 'டப்' என்று ஒரு சத்தம் வரும் பாருங்கள், அதில் அப்படி ஒரு திருப்தி. நல்ல ரத்தம் குடித்த உண்ணி ஆமணக்கு விதை மாதிரி இருக்கும். எங்கள் ஊரில் கொட்டைமுத்து என்போம். அது வெடித்தால் பேப்பரில் சிவப்பாக ஒரு கோலம்.

எதிர் வீட்டு ரிடையர்டு தாசில்தார் கேட்டுக்கு வெளியே நின்றபடி யோசனை சொன்னார். "தீக்குச்சியைக் கொளுத்தி அணைச்சு, சூட்டோட வெச்சுப் பாருங்க, தானா விழுந்துடும். இல்லேன்னா மண்ணெண்ணெய். அதுவும் இல்லேன்னா மாட்டுக்கு அடிக்கிற மருந்து என்கிட்டே அரை பாட்டில் இருக்கு. தண்ணியிலே கலந்து மொத்தமா ஊத்திடுங்க."

நல்ல வேளை, அரை பாட்டிலை நான் வாங்கவில்லை. அளவு தெரியாமல் அந்த மருந்தை ஊற்றிக்கொண்ட நாய் உடம்பை நக்கிவிட்டு வலிப்பு வந்து விழும் என்று பிற்பாடு தெரிந்தது. மற்ற யோசனைகளும் தப்புதான். சூடு வைத்தால், எண்ணெய் ஊற்றினால், திணறுகிற உண்ணி வயிற்றில் இருப்பதைக் கடித்த இடத்திலேயே திரும்பக் கக்கிவிடலாமாம். நுனி மெல்லிசான இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, திருகாமல் நேராக இழுத்து, ஸ்பிரிட்டிலோ சோப்புத் தண்ணீரிலோ போட்டுவிட வேண்டும். விரலால் நசுக்கவே கூடாது. உண்ணிக்குள் இருப்பது வெறும் ரத்தம் மட்டும் இல்லையே! என் 'டப்' திருப்தி அத்தோடு போயிற்று.

ஆனால் இதெல்லாம் எனக்குத் தெரிவதற்குள் ரெண்டு வாரம் ஓடிவிட்டது. பாண்டு ஒரு நாள் சாதத்தை முகர்ந்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டான். மறுநாள் பிஸ்கட்டும் வேண்டாம் என்றான். தபால்காரரைப் பார்த்துக் குரைக்கவில்லை. அவரே பயந்துபோய், "என்ன ஸார், நாய்க்கு உடம்பு சரியில்லையா?" என்று விசாரித்தார். தொட்டால் அனலாகச் சுட்டது.

டாக்டரம்மா தெர்மாமீட்டர் வைத்தார். 104.6. நாய்க்குச் சாதாரணமாகவே 101, 102 இருக்குமாம். ரத்தம் எடுத்து, பிளேட்லெட் எண்ணிக்கை வந்தது: 62,000. குறைந்தபட்சம் ரெண்டு லட்சமாவது இருக்க வேண்டும்.

"டெங்குவா டாக்டர்?" என்றேன். பிளேட்லெட் என்றால் தமிழ்நாட்டில் வேறென்ன கேட்கத் தோன்றும்!

"இல்லே ஸார், எர்லிக்கியா. உண்ணி கொடுத்த பரிசு. வெள்ளை அணுவுக்குள்ளே போய் உட்கார்ந்துக்கிற ஒரு கிருமி" என்றார்.

அப்போதுதான் உண்ணியின் ஜாதகத்தைச் சொன்னார். அது பூச்சியே இல்லையாம். சிலந்தி, தேள் வகையறாவின் பங்காளி. முன்னங்கால் நுனியில் மூக்கு மாதிரி ஒரு உறுப்பு. நாய் விடுகிற மூச்சை அதை வைத்துக் கண்டுபிடிக்கும். வயிறு நிறையக் குடித்த பெண் உண்ணி நாயை விட்டுக் கீழே விழுந்து, சுவர் ஏறி, ஒரு விரிசலைத் தேடிப் போகும். (என் காலண்டர் மிளகு பிரசவத்துக்குத்தான் போய்க்கொண்டிருந்திருக்கிறது!) அங்கே ஒரே தடவையில் நாலாயிரம் முட்டை வரைக்கும் இட்டுவிட்டுச் செத்துப்போகும். முட்டையிலிருந்து வருகிற குஞ்சுக்கு ஆறே கால்தான். அது நாய் மேல் ஏறிக் குடித்துவிட்டு இறங்கும். தோல் உரித்து எட்டுக் கால் வாங்கிக்கொண்டு மறுபடி ஏறும், இறங்கும். இன்னொரு தடவை தோல் உரித்து மூன்றாம் முறை ஏறும். மூன்று ஏற்றம், மூன்று இறக்கம். நடுவிலே நாய் கிடைக்கவில்லை என்றாலும் கவலை இல்லை. வளர்ந்த உண்ணி மாதக்கணக்கில் பட்டினி கிடக்கும், வருஷம் தாண்டினாலும் சிலது உயிரோடு இருக்கும். நம் ஊர் வெயிலில் வருஷத்துக்கு மூணு நாலு தலைமுறை பார்த்துவிடும்.

"நீங்க நாய் மேலே பார்த்தது பதினேழுன்னா, வீட்டிலே அதைப் போல எத்தனையோ மடங்கு இருக்கும் ஸார்" என்றார். நான் நாற்காலியில் கொஞ்சம் முன்னால் தள்ளி உட்கார்ந்துகொண்டேன்.

இன்னொன்றும் சொன்னார். முட்டையிலிருந்து வரும்போது உண்ணியிடம் எர்லிக்கியா கிடையாது. ஏற்கெனவே நோய் இருக்கிற ஒரு நாயைக் கடித்து வாங்கிக்கொண்டு, தோல் உரித்த பிறகு அடுத்த நாய்க்குக் கொடுக்கிறது. கடித்து ஒட்டிக்கொண்ட சில மணி நேரத்திலேயே கொடுத்துவிடும். 'சாயங்காலம் ஆபீஸிலிருந்து வந்து பிடுங்கிக்கலாம்' என்கிற கணக்கெல்லாம் அதனிடம் செல்லாது.

மருந்து டாக்ஸிசைக்ளின். 28 நாள். "ஒரு நாள்கூட விடக் கூடாது" என்று சீட்டில் அடிக்கோடு போட்டுக் கொடுத்தார்.

28 நாள் ஒரு நாய்க்கு மாத்திரை கொடுப்பது என்ன என்பது கொடுத்தவனுக்குத்தான் தெரியும். இட்லிக்குள் வைத்தோம். இட்லியைச் சாப்பிட்டுவிட்டு மாத்திரையைத் துடைத்து வைத்த மாதிரி தட்டில் விட்டான். வாழைப்பழத்தில் வைத்தோம். பழத்தையே நிராகரித்தான். வாயைத் திறந்து உள்ளே போட்டு மூக்கைத் தடவினால் விழுங்கிவிடும் என்று பெண் எங்கேயோ படித்துவிட்டு வந்தாள். அஞ்சு நிமிஷம் சாது மாதிரி இருந்துவிட்டு, சோபாவுக்குப் பின்னால் போய்த் துப்பினான். எங்கள் வீடு சைவம். மூன்றாம் வீட்டம்மா மனசு இரங்கி, வேகவைத்த கோழி ஈரலைத் தினமும் ஒரு கிண்ணத்தில் காம்பவுண்ட் சுவர் வழியாக நீட்டினார். என் மனைவி மூக்கைப் பிடித்துக்கொண்டு அதை இடுக்கியால் வாங்குவாள். ஈரலுக்குள் வைத்த மாத்திரை மட்டும் போன இடம் தெரியாது.

ஒரு வாரத்தில் பாண்டு பழைய பாண்டு ஆகிவிட்டான். பத்தாம் நாள் தபால்காரரைக் கேட் வரைக்கும் துரத்தினான். மூன்றாம் வீட்டம்மா ஊருக்குப் போனார், ஈரல் நின்றது. பதினோராம் நாளோடு நானும் மாத்திரையை நிறுத்திவிட்டேன்.

ஏன் நிறுத்தினேன் என்று என் பெண் பிற்பாடு எத்தனையோ தடவை கேட்டிருக்கிறாள். பதில் சொல்லத் தெரியவில்லை. எனக்குக் காய்ச்சல் வந்தாலும் அஞ்சு நாள் மாத்திரையை மூணாம் நாளோடு நிறுத்துகிற ஆசாமி நான். நாய் நல்லாத்தானே இருக்கு என்று தோன்றியது. அவ்வளவுதான்.

*

செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மொஸைக் தரையில் குங்குமம் சிந்திய மாதிரி சொட்டுச் சொட்டாக வாசலிலிருந்து கூடம் வரைக்கும். தொடர்ந்து போய்ப் பார்த்தால் பாண்டுவின் மூக்கிலிருந்து ரத்தம். தும்மினான். வெள்ளைச் சுவரெல்லாம் தெறித்தது.

ஆட்டோவில் போட்டுக்கொண்டு ஓடினோம். டாக்டரம்மா உதட்டைத் தூக்கி ஈறைக் காட்டினார். காகிதம் மாதிரி வெளுத்திருந்தது. பிளேட்லெட் 14,000. ஹீமோகுளோபின் 4. நல்ல நாய்க்குப் பன்னிரண்டுக்கு மேல் இருக்கும்.

"28 நாளும் கொடுத்தீங்களா ஸார்?"

நான் பாண்டுவைப் பார்த்தேன். என் பெண் என்னைப் பார்த்தாள். டாக்டரம்மா அதற்கு மேல் கேட்கவில்லை.

ரத்தத்துளியைக் கண்ணாடியில் தேய்த்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தவர் இன்னொரு கெட்ட செய்தியும் சொன்னார். சிவப்பணுவுக்குள்ளே வேறொரு கிருமி. பெயர் பபேஸியா. மலேரியாக் கிருமி மனுஷனுக்குச் செய்வதை இது நாய்க்குச் செய்யும்: சிவப்பணுவுக்குள் புகுந்து, பெருகி, உடைத்துக்கொண்டு வரும். பழையதை நான் பாதியில் விட்டேன். வீட்டுச் சுவரில் இருந்த உண்ணிகள் புதிதாக ஒன்றைக் கொண்டுவந்து சேர்த்துவிட்டன.

"முதல்லே ரத்தம் ஏத்தணும். டோனர் நாய் வேணும். 25 கிலோவுக்கு மேலே இருக்கணும், தடுப்பூசி எல்லாம் போட்டிருக்கணும். சீக்கிரம் பாருங்க."

என் பெண் உடனே தனக்குத் தெரிந்த எல்லா வாட்ஸ்அப் குரூப்பிலும் என் போன் நம்பரோடு தட்டிவிட்டாள்: 'பாண்டுவுக்கு ரத்தம் வேணும். அவசரம்.' நாய் என்று போட மறந்துவிட்டாள். பத்து நிமிஷத்தில் என் பழைய ஆபீஸ் நண்பரிடமிருந்து போன். "பாண்டு யாரு ஸார், உங்க மச்சினரா? நான் ஓ பாசிடிவ். எந்த ஆஸ்பத்திரி, சொல்லுங்க, ஆட்டோ ஏறிட்டேன்!" நல்ல மனுஷர். விஷயத்தைச் சொன்னதும் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம், "எங்க மாமனார் வீட்டிலே ஒரு நாய் இருக்கு, ஆனா பொமரேனியன்" என்றார்.

முதலில் உதவிக்கு வந்தவர் எங்களைக் கொண்டுவந்து விட்ட ஆட்டோக்காரர்தான். போகாமல் வாசலிலேயே நின்றிருந்தார். "ஸார், நம்ம வீட்டிலே ஒரு ராஜபாளையம் இருக்கான். முப்பது கிலோவுக்கு மேலே. இட்டாந்துடட்டா?" என்றார். முக்கால் மணியில் திரும்பி வந்தார். ஆட்டோவில் பயணி மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது நாய். என்ன உயரம், என்ன மார்பு! எங்கள் எல்லோருக்கும் உயிர் வந்தது.

ரத்தம் எடுக்கும் முன் சோதனை செய்தாக வேண்டும். டாக்டரம்மா உள்ளே போனவர், நேரம் கழித்து வெளியே வந்தார். முகம் சரியில்லை.

"இவன் ரத்தத்தை எடுக்க முடியாது. இவனுக்கும் எர்லிக்கியா இருக்கு. பிளேட்லெட் 70,000 தான்."

ஆட்டோக்காரர் சிரித்தார். நிஜமாகவே தமாஷ் என்று நினைத்துவிட்டார். "என்ன மேடம், நேத்துகூட ரெண்டு பேர் சாப்பாடு சாப்பிட்டான். காலையிலே என்னையே இழுத்துக்கிட்டு ஓடினான்!"

"அதுதான் இந்த நோயோட குணம்" என்றார் டாக்டரம்மா. முதலில் காய்ச்சல் வந்து ரெண்டு மூணு வாரம் படுத்தும். சில நாய்களுக்கு நாம் கவனிக்காத அளவுக்கு லேசாகவே வந்து போய்விடும். அப்புறம் தானாக அடங்கின மாதிரி இருக்கும். சாப்பிடும், ஓடும், குரைக்கும். கிருமி மட்டும் மண்ணீரல் மாதிரி இடங்களில் பதுங்கியிருக்கும். மாதக்கணக்கில் இருக்கலாம், வருஷக்கணக்கிலும் இருக்கலாம். சில நாய்கள் ஜெயித்துவிடும். ஜெயிக்காத நாய்க்கு ஒரு நாள் எலும்பு மஜ்ஜையே வேலையை நிறுத்திவிடும். வெள்ளை அணு, சிவப்பணு, பிளேட்லெட் எல்லாமே கீழே போய்விடும். அந்தக் கட்டத்தில் பெரும்பாலும் மருந்து எடுபடாது.

ஆட்டோக்காரர் கீழே உட்கார்ந்து நாயின் கழுத்தைக் கட்டிக்கொண்டார். ஆறு மாதத்துக்கு முன்னால் மூணு நாள் சாப்பிடாமல் கிடந்ததை அப்போதுதான் ஞாபகப்படுத்திச் சொன்னார். வெயிலுக்கு என்று விட்டுவிட்டாராம். அன்றைக்கே மாத்திரைச் சீட்டு வாங்கிக்கொண்டு போனார். எங்களிடம் ஆட்டோவுக்குப் பணம் வாங்க மாட்டேன் என்று பிடிவாதம். "நீங்க கூப்பிடலேன்னா எனக்குத் தெரிஞ்சிருக்காதே ஸார்!"

சாயங்காலம் ஆறு மணிக்கு வேளச்சேரியிலிருந்து ஒரு காலேஜ் பெண் தன் லாப்ரடாரோடு வந்தாள். சோதனையில் அவன் தேறினான். தொண்டைப் பக்கம் முடி வழித்து ஊசி போட்டபோது, அவன் பாட்டுக்கு நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு, ஏதோ அவனுக்கு ஷேவிங் செய்கிற மாதிரி படுத்திருந்தான். நாய்களுக்கும் ரத்த வகைகள் உண்டாம். ஆனால் முதல் தடவை ஏற்றும்போது நம்மைப் போல உடனே பெரிய ரகளை நடப்பது அபூர்வம். அப்படியும் ரெண்டு ரத்தத்தையும் கலந்து பார்த்துவிட்டுத்தான் ஏற்றினார்கள்.

*

ரத்தம் ஏறுவதற்கு நாலு மணி நேரம் ஆனது. பெஞ்சில் உட்கார்ந்திருந்த எனக்கு டாக்டரம்மா டீ வாங்கிக் கொடுத்தார். தூக்கம் வராமல் இருக்கவோ என்னவோ, பேசிக்கொண்டிருந்தார்.

"பாண்டுவுக்கு வந்திருக்கிற பபேஸியா இருக்கே, அது நம்ம ஊர்லே கண்டுபிடிச்சது ஸார்" என்றார்.

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். நிஜம்தான். வெள்ளைக்காரன் காலத்தில் 'மெட்ராஸ் ஹண்ட்' என்று துரைமார்களின் வேட்டைக் குழு ஒன்று இருந்தது. அவர்களுடைய வேட்டை நாய்களின் ரத்தத்தில் பாட்டன் என்கிற ஆராய்ச்சியாளர் இந்தக் கிருமியைப் பார்த்து 1910-ல் எழுதினார். குள்ளநரியின் ரத்தத்திலும் அதே கிருமி இருந்தது. பபேஸியா கிப்ஸோனி என்று உலகம் முழுக்க அதற்குப் பெயர். சென்னைக்கு இப்படியும் ஒரு பெருமை!

எர்லிக்கியாவின் பூர்வீகம் அல்ஜீரியா. அங்கேதான் 1935-ல் முதலில் நாய்களிடம் கண்டார்கள். ஆனால் அதன் பேர் பிரபலமானது வியட்நாம் யுத்தத்தில். 1960-களின் கடைசியில், அமெரிக்க ராணுவம் அங்கே கொண்டுபோன ஜெர்மன் ஷெப்பர்டு நாய்கள் குண்டடி படாமலேயே மூக்கில் ரத்தம் ஒழுகி நூற்றுக்கணக்கில் செத்தன. என்ன நோய் என்று கண்டுபிடிக்கவே நாளாயிற்று. கடைசியில் பார்த்தால், எதிரி உண்ணி!

மூக்கில் ரத்தம் என்றதும் எனக்குச் சட்டென்று என்னவோ செய்தது.

"டாக்டர், முன்னாடி எங்க கும்பகோணம் வீட்டிலே ஒரு நாய் இருந்தது. மணின்னு பேரு" என்று ஆரம்பித்தேன்.

மணி செவலை நிறம். 1994 மே மாதம் செத்துப்போனான். அதற்கு முந்தின வருஷம் ஒரு தடவை காய்ச்சல் மாதிரி வந்து தானாகச் சரியானது. அப்புறம் மெலிந்துகொண்டே வந்தான். காது நிறைய உண்ணி இருக்கும். கொல்லையில் மாட்டுக்கொட்டகை இருந்ததால் மாட்டிடமிருந்து வந்தது என்று நினைத்தோம். (மாட்டைப் பிடிப்பது பெரும்பாலும் வேறு ஜாதி உண்ணி என்று இப்போது தெரியும்.) கடைசி நாலு நாள் மூக்கிலிருந்து ரத்தம் நிற்கவே இல்லை. அப்பா பனிக்கட்டி வாங்கிவந்து வைத்துப் பார்த்தார். சூடு என்று முடிவு கட்டினோம். ஏன் சூடு? அம்மா தினமும் அவனுக்கு மாம்பழத் துண்டு போடுவாள். அவனும் அதற்காகவே சமையலறை வாசலில் தவம் கிடப்பான். "மாம்பழத்தைப் போட்டுப் போட்டே நாயைக் கொன்னுட்டே" என்று அப்பா சொன்னார். கோபத்தில் ஒரு தடவை சொன்னதில்லை. அப்புறமும் பேச்சு வரும்போதெல்லாம் சொல்லியிருக்கிறார். நானும் பக்கத்தில் இருந்துகொண்டு தலையாட்டியிருக்கிறேன்.

டாக்டரம்மா கவனமாகக் கேட்டார். "இப்போ உறுதியா சொல்ல முடியாது ஸார். எலி மருந்து சாப்பிட்டிருந்தாலும் ரத்தம் வரும். ஆனா நீங்க சொல்றதைப் பார்த்தா எர்லிக்கியாவா இருக்கத்தான் நிறைய வாய்ப்பு. மாம்பழமா?" என்று கேட்டுவிட்டு, "மாம்பழத்தினாலே மூக்கிலே ரத்தம் வராது ஸார்" என்றார்.

வீட்டுக்கு வந்தபோது மணி ராத்திரி ஒன்றரை. அம்மா தூங்காமல் உட்கார்ந்திருந்தாள். எண்பத்து நாலு வயசு. பாண்டு பிழைப்பானா என்று கேட்டாள். தெரியலை என்றேன். அப்புறம் மணியைப் பற்றி டாக்டர் சொன்னதைச் சொன்னேன்.

கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

"அந்த டாக்டரம்மா நிஜமாவே அப்படிச் சொன்னாங்களாடா? நீயா சொல்றியா?"

"அவங்கதான் சொன்னாங்கம்மா."

"உங்கப்பா இருந்திருக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள்.

*

பாண்டு பிழைத்துக்கொண்டான். இரண்டாவது கிருமிக்குப் பத்து நாள் மருந்து. மனுஷர்களுக்கு மலேரியாவுக்குக் கொடுக்கிற சரக்கு அது, கூட இன்னொரு ஆன்டிபயாடிக். விலையைக் கேட்டபோது எனக்கே மூக்கில் ரத்தம் வராத குறைதான். டாக்ஸிசைக்ளின் மறுபடி முதலிலிருந்து 28 நாள். இந்தத் தடவை காலண்டரில் தினமும் டிக் போட்டது அம்மா. மூன்றாம் வீட்டம்மா ஊருக்குப் போகும்போது ஃப்ரீஸரில் ஈரலை வைத்துவிட்டுப் போனார், எங்கள் ஃப்ரீஸரில்தான்! அதைப் பற்றி என் மனைவியிடம் இன்றைக்கும் பேச முடியாது.

வீட்டை ஒழுங்கு பண்ணியதுதான் பெரிய வேலை. காலண்டர், சாமி படம், டியூப்லைட் பட்டி, ஜன்னல் சட்டத்து விரிசல் எல்லாவற்றுக்கும் பின்னால் இருந்தார்கள். சிமெண்ட் வைத்து விரிசலை அடைத்தோம். பாண்டுவின் சாக்கை எரித்து, வெந்நீரில் துவைக்கிற மாதிரி விரிப்பு வாங்கினோம். மருந்து அடிக்கிற ஆளை ஒரு தடவை கூப்பிட்டதோடு விடவில்லை. முட்டையில் இருப்பது மருந்துக்குத் தப்பிவிடும் என்பதால், சில வாரம் கழித்து மறுபடி மறுபடி கூப்பிட்டோம். பூனை இருக்கிற வீடாக இருந்தால் அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். நாய் தாங்குகிற சில உண்ணி மருந்து பூனையைக் கொன்றுவிடும்.

இப்போது பாண்டுவுக்கு மாதம் ஒரு மாத்திரை. மூணு மாதத்துக்கு ஒன்று என்கிற மாத்திரையும் இருக்கிறது. கடித்த உண்ணி சில மணி நேரத்தில் செத்து விழும். எடைக்குத் தகுந்த அளவு, டாக்டர் சொல்லித்தான் கொடுக்க வேண்டும். வலிப்பு வந்த நாய் என்றால் முன்னாலேயே சொல்லிவிட வேண்டும். அமெரிக்க மருந்துத் துறை 2018-லேயே இதை எச்சரித்திருக்கிறது. மாத்திரை இருக்கிறதே என்று நான் சும்மா இருப்பதில்லை. தினமும் சாயங்காலம் டி.வி. பார்த்துக்கொண்டே பாண்டுவின் காதுக்குள், விரல் இடுக்கில், வாலுக்கு அடியில் கைவிட்டுத் தேடுவேன். அவனுக்கு இது மஸாஜ் என்று நினைப்பு.

"நாய் உண்ணியாலே நமக்கு ஒண்ணும் வராதா?" என்று தாசில்தார் கேட்டார். பேப்பரில் 'உண்ணிக் காய்ச்சல்' என்று படித்துவிட்டுப் பயந்துபோயிருந்தார். அது பெரும்பாலும் ஸ்க்ரப் டைஃபஸ். புதர்களில் இருக்கும் கண்ணுக்கே தெரியாத வேறொரு சிற்றுயிரி கடித்து வருவது, பாண்டுவின் மேல் இருந்ததற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. நாய் உண்ணி மனுஷனைக் கடிப்பது குறைவு. ஆனாலும் கடித்தால் நமக்கும் ஒரு வகை டைஃபஸ் காய்ச்சலைத் தரக்கூடியதுதான். கடித்த பிறகு காய்ச்சல், உடம்பில் தடிப்பு என்று வந்தால் டாக்டரிடம் உண்ணி கடித்த கதையைச் சொல்ல வேண்டும். இதைக் கேட்டுவிட்டு அவர் தன் அரை பாட்டிலைத் தூக்கி எறிந்தாரா என்று தெரியாது. தன் நாய்க்கு ரத்தப் பரிசோதனை செய்ய எங்கே போக வேண்டும் என்று மட்டும் விசாரித்தார்.

ஆட்டோக்காரரின் ராஜபாளையம் 28 நாளையும் முடித்துவிட்டு, மறு பரிசோதனையில் ரெண்டு லட்சத்தைத் தாண்டிவிட்டான். போட்டோ அனுப்பியிருந்தார். பாண்டு இன்னும் மெதுவாகத்தான் ஏறினான். 2024 ஏப்ரலில்தான் ரெண்டு லட்சத்துப் பத்தாயிரம் காட்டியது.

அடுத்த மாதம் ஒரு நாள் மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கூடத்தில் படுத்திருந்தேன். சமையலறை வாசலில் அம்மா மணையைப் போட்டு உட்கார்ந்து பங்கனப்பள்ளி நறுக்கிக்கொண்டிருந்தாள். பாண்டு எதிரில் உட்கார்ந்து அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். முப்பது வருஷமாக எந்த நாய்க்கும் அம்மா மாம்பழம் போட்டு நான் பார்த்ததில்லை. கொட்டையைத் தனியாக எடுத்துத் தட்டில் வைத்தாள். தோலைச் சீவினாள். கூடத்துப் பக்கம் திரும்பி, நான் தூங்குகிறேனா என்று பார்த்தாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"இந்தா, மெதுவாத் தின்னு" என்று அவள் சொல்வது கேட்டது.